ஓட்டைக்கு முன்னால் ஆளை உட்கார வையுங்கள்

ஏப்ரல் சீசன் நெருங்க நெருங்க என் பட்டறைக்கு வரும் பக்கட் சீட்டுகளின் முதுகில் அநேகமாக இரண்டு சோக்குக் கோடுகள் இருக்கும். ரேஸ் ஹார்னஸின் தோள் பெல்ட்டுகள் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்று சொந்தக்காரரே யோசித்துக் கோடு போட்டிருப்பார். காரும் வராது, ஆளும் வரமாட்டார். சீட்டை மட்டும் த்ரீவீலில் ஏற்றி அனுப்பிவிட்டு, "இந்தக் கோட்டுல வெட்டி, சுத்திவர ரெக்சின் புடிச்சிருங்க, நாளைக்கு வேணும்" என்று போனில் சொல்வார்கள். நான் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, காரோடும் ஹெல்மெட்டோடும் ஆளை வரச் சொல்வேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

நான் குஷன் வேலைக்காரன். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா அங்கே ஃபெக்டரி ஃபிட்டர். அவிசாவளையில் ஒரு குஷன் கடையில் கோலயாவாக நின்று தொழில் பழகினேன். இன்றைக்கும் சோறு போடுவது பஸ் சீட்டும் த்ரீவீல் ஹூடும்தான். ரேஸ் சீட் வேலை கைக்கு வந்ததற்குக் காரணம் பாதை. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஏறி நுவரெலியா போகும் ஏ7 பாதை எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது. மேலே மகாகஸ்தோட்டையிலும் ராதெல்லையிலும் மலையேற்றப் பந்தயம் நடக்கிறது. இரண்டுமே தேயிலைத் தோட்டங்களின் பெயர்கள். கார்கள் முடுக்கிக்கொண்டு ஏறுவதும் தேயிலைக்கு நடுவே வளைகிற பாதையில்தான். மகாகஸ்தோட்டைப் பந்தயம் 1934இல் தொடங்கியது. எங்கள் மாகாணத்துக்குள்ளேயே எம்பிலிப்பிட்டியவில் வளவை சுப்பர்குரொஸ் உண்டு. ஃபோர்ட் லேசர், மஸ்டா 1300 வகுப்பிலிருந்து 3500 சிசி வரையான பெரிய வகுப்பு வரைக்கும் ஓடுகிறவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் இரத்தினபுரி, பெல்மதுளை, கேகாலைப் பக்கத்துப் பொடியன்கள் கொழும்புக்குப் போகாமல் என்னிடம் வருகிறார்கள்.

வந்தவரிடம் முதலில் கேட்பது, இந்தக் கார் ரோட்டிலும் ஓடுமா என்பதுதான். ஓடும் என்றால், கம்பனி போட்ட மூன்று முனை பெல்ட்டைக் கழற்ற விடமாட்டேன். 2011 ஒக்டோபரிலிருந்து முன் சீட்டில் பெல்ட் கட்டாயம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஹார்னஸ் மனிதனை சீட்டோடு நிமிர்த்திக் கட்டிவிடுகிறது. கார் உருண்டு கூரை அமுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடமுண்டு, ஹார்னஸில் இல்லை. அதனால் ரோல் கேஜ் இல்லாத காருக்கு ஹார்னஸ் பூட்டுவது பாதுகாப்பைக் குறைக்கிற வேலை. கூரையைத் திறந்துவிட்டு ஓடும் மஸ்டா ரோட்ஸ்டர் போன்ற கார்களில் கேட்கவே வேண்டாம். "படம் எடுக்கத்தான் அண்ணே, அழகுக்கு" என்று சொல்கிறவர்களுக்கு சிவப்பு நூலில் தையல் போட்டுக் கொடுக்கிறேன். அழகுக்கு அது போதும்.

கேஜ் இருக்கிறது, போட்டிக்குத்தான் என்றால் அடுத்த வேலை ஆளை உட்கார வைப்பது. ரேஸ் ஓடும்போது போடும் சப்பாத்து, உடுப்பு, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி மாட்டுகிறவர் என்றால் அதுவும் போட்டிருக்க வேண்டும். சீட்டை அவர் ஓட்டும் தூரத்தில் பூட்டி, கிளச்சை முழுதாக மிதிக்கச் சொல்லி, ஸ்டியரிங்கின் உச்சியில் மணிக்கட்டை வைக்கச் சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் தோள் எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஒரே சீட்டில் ஐந்தரை அடி ஆளின் தோளும் ஆறடி ஆளின் தோளும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பேன்.

பிறகு நூல் பிடிப்பேன். தோளின் மேலிருந்து, பெல்ட் பின்னால் பூட்டப்போகும் இடம் வரை ஒரு நைலோன் நூலை இறுக்கிப் பிடித்து, போனில் இருக்கும் மட்டப்பலகையை நூலோடு வைத்துச் சரிவைப் பார்ப்பேன். நூல் சீட்டை எங்கே தொடுகிறதோ அங்கேதான் ஓட்டை வர வேண்டும். நூல் சீட்டுக்கு மேலாலேயே போனால் ஓட்டையே தேவையில்லை. பெல்ட் தோளிலிருந்து விலகாமல் இருக்க ஒரு வழிகாட்டி மட்டும் போதும். லான்சர் எவலூஷன், இன்டெக்ரா டைப் ஆர் கார்களில் கம்பனியே போட்டுக்கொடுத்த ரெகாரோ சீட்டில் ஹெட்ரெஸ்ட் தனியாகக் கழலும். ஆளின் உயரம் பொருந்தினால் அதன் இரண்டு கம்பிகளே சில நேரம் அந்த வழிகாட்டி வேலையைச் செய்துவிடும். முதல் தலைமுறை ரோட்ஸ்டர் சீட்டில் முதுகும் ஹெட்ரெஸ்ட்டும் ஒரே துண்டு. அங்கேதான் வெட்டுகிற கேள்வி உண்மையாக எழுகிறது.

சரிவுக்குக் கணக்கு உண்டு. சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனத்தின் விதி, தோள் பெல்ட் பின்பக்கமாகக் கீழே இறங்கும் சரிவு 45 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது; 10 பாகைக்குள் இருப்பதே நல்லது என்றும் சொல்கிறது. ஹான்ஸ் போட்டவருக்கு 20 பாகைக்கு மேல் நான் விடுவதில்லை. ஆனால் வருகிற கார்களில் பாதிக்கு, பின் சீட் பெல்ட்டின் பழைய பொல்ட் ஓட்டையில் தோள் பெல்ட்டைப் பூட்டியிருப்பார்கள். அது தரையோடு ஒட்டிக் கிடக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு நம் அம்மாமார் தலையைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுப்பதுபோல, அந்த பெல்ட் மோதலின்போது தோளைக் கீழே அழுத்தும். முழு உடம்பின் வேகத்தையும் முள்ளந்தண்டு வாங்கிக்கொள்ளும். முதுகில் எவ்வளவு நேர்த்தியாக ஓட்டை போட்டாலும் இது மாறாது. ஓட்டை தோளுக்குக் கீழே இருந்தாலும் இதே கதைதான்: பெல்ட் தோளில் ஏறி மறுபடி இறங்க வேண்டியிருக்கும். அதனால் ஓட்டை எப்போதும் தோள் மட்டத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே.

பூட்டும் இடத்தைச் சரிசெய்யாமல் சீட்டைத் தொடுவது வீண் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். நல்ல தீர்வு, ரோல் கேஜின் இரண்டு பின்தூண்களுக்கு நடுவே தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய். விதி கேட்பது தையலில்லாத குழாய். 38 மில்லிமீட்டர் விட்டம் என்றால் சுவர் கனம் 2.5, 40 மில்லிமீட்டர் என்றால் 2. கேட் செய்கிற கடையில் கிடைக்கும் தையல் குழாய் வேண்டாம். அந்த வெல்டிங்கை நான் செய்வதில்லை, கேஜ் செய்தவரிடமே அனுப்புகிறேன். தரைத் தகட்டில் பூட்டும் இடங்களுக்கு அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள இரும்புத் தகடு வேண்டும். வெறும் வொஷர் போட்டால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு தோள், இடுப்புப் பூட்டும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் இழுவையைத் தாங்க வேண்டும், கவட்டு பெல்ட்டின் பூட்டு முக்கால் தொன். பெரிய எண்ணாகத் தெரியலாம். 70 கிலோ ஆள் 20 மடங்கு புவியீர்ப்பில் நின்றால் 1400 கிலோ. மதிலில் மோதும் கார் அந்த அளவுக்குச் சாதாரணமாகப் போகும்.

இன்னொன்று, பெல்ட்டை சீட்டிலேயோ சீட்டின் தாங்கியிலேயோ பூட்டவே கூடாது. "சீட் ரெயில்லயே ஒரு காது வெல்ட் பண்ணிருவோமே" என்று கேட்கிறவர்கள் நிறைய. சீட் கழன்றால் ஆளும் சேர்ந்து பறப்பார் என்பதே பதில்.

இனி வெட்டு வேலை. முதலில் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற சீட்டா என்று பாருங்கள். மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பற்றரியைக் கழற்றிக் காத்திருந்து, விஷயம் தெரிந்த ஓட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏர்பேக் உள்ள சீட்டின் உறையை நான் வெட்டுவதே இல்லை.

மற்ற சீட்டில் உறையைக் கிழிக்காமல், கீழிருந்து வளையங்களைக் கழற்றி, கையுறையை உரிப்பது மாதிரியே மேல் நோக்கி உருட்டி எடுக்க வேண்டும். உள்ளே ஃபோம், அதற்குள் ஃபிரேம். இரும்பு எங்கே ஓடுகிறது என்பதை விரலால் தடவிப் பார்த்து, வெளியே சோக்கால் வரைந்துகொள்ளுங்கள். மேலே குறுக்காக ஓடும் குழாய் அல்லது தகடுதான் முதுகின் பலம். பின்னாலிருந்து இடிபட்டால் ஆள் பின்னுக்குச் சாயாமல் தாங்குவது அதுதான். நூல் காட்டும் இடத்தில் அந்தக் குழாய் வந்தால் நான் வெட்டுவதில்லை. சீட்டை உயர்த்தியோ இறக்கியோ பார்க்கலாம். முடியாவிட்டால் அந்த சீட் அந்த ஆளுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். வெட்டிவிட்டுப் பக்கத்தில் தகடு வைத்து வெல்ட் பண்ணுகிறேன் என்று சொல்லும் பாஸ்மார் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

குழாய்க்கு மேலேயோ கீழேயோ இடம் கிடைத்தால் ஃபோமில் நீளக் கத்தியால் வெட்டலாம். பாண் வெட்டும் பல் கத்தி நன்றாக வேலை செய்யும். சூடான கம்பியால் வெட்டினால் ஃபோம் கருகி விளிம்பு கெட்டியாகிவிடும், புகையும் நல்லதல்ல. தோள் பெல்ட் 3 அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர். வாய் அகலம் 85க்கு வைப்பேன், உயரம் 30. ஹான்ஸோடு 2 அங்குல பெல்ட் பாவிப்பவருக்கு அகலம் குறையும். இரண்டு வாய்களும் கழுத்துப் பக்கமாக இன்னும் நெருங்கி வரும். வாய்க்குள் ஒரு ரெக்சின் குழல் தைத்து முன் உறையையும் பின் உறையையும் இணைத்துவிட்டால் ஃபோம் தூள் கொட்டாது. பெல்ட்டின் வழியில் இரும்போ கூரான பிளாஸ்டிக்கோ ஓர் இடத்திலும் படக் கூடாது. வாயின் விளிம்பில் உருட்டிய அலுமினியச் சட்டம் வைக்கலாம். கடையில் விற்கும் கதவு ரப்பர் பீடிங்கைச் சிலர் ஒட்டுகிறார்கள். எங்கள் மழைக்கும் வெயிலுக்கும் அது கழன்று, உள்ளே இருக்கிற தகட்டு விளிம்பு வெளியே வந்துவிடும்.

வாய் சரியான கோணத்தில் இல்லாவிட்டால் பெல்ட் தட்டையாகப் போகாமல் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கி மடியும். பார்வைக்குச் சின்ன விஷயம். 2001 பெப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மதிலில் மோதி இறந்தார். அவருடைய இடது இடுப்பு பெல்ட் அறுந்திருந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில், பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் வெளியிட்ட அறிக்கை, பெல்ட் அதன் அட்ஜஸ்டருக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கியதால் சுமை முழுவதும் ஓர் ஓரத்தில் விழுந்து அறுந்தது என்று விளக்கியது. அவர் இறந்ததோ மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிந்து. ரொபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் 1980களில் உருவாக்கிய ஹான்ஸ், அந்தக் காயத்தைத் தடுப்பதற்காகவே வந்த கருவி. அவர் அன்று அதைப் போட்டிருக்கவில்லை. பட்டறையில் பெல்ட் மடிந்து கிடப்பதைக் காட்டி நான் சத்தம் போடும்போது பொடியன்கள் சிரிப்பார்கள். இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

எல்லாரும் தட்டிக்கழிக்கிற ஓட்டை ஒன்று உண்டு. உட்காரும் குஷனின் நடுவில், கவட்டு பெல்ட்டுக்கு. பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கரின் மகன் ஒருவர் ஐந்து முனை ஹார்னஸ் வாங்கிக்கொண்டு வந்து, ஐந்தாவதைச் சுருட்டிப் பையிலேயே வைத்திருந்தார்.

"அது வேணாம் அண்ணே. ஒரு மாதிரியா இருக்கு. நாலு போதும்."

"தம்பி, தோள் பெல்ட்ட இறுக்கினா பக்கிள் எங்க போகும்?"

"மேல வரும்."

"பக்கிளோட இடுப்பு பெல்ட்டும் மேல வரும். வயித்துக்கு. அப்ப இடிச்சா பெல்ட் எலும்பையா புடிக்கும், குடலையா?"

அவர் பதில் சொல்லவில்லை. குஷனை என்னிடம் தந்தார்.

இதுதான் விஷயம். இடுப்பு பெல்ட் தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள மடிப்பில் இருக்க வேண்டும், வயிற்றில் ஒருபோதும் இருக்கக் கூடாது. அதைக் கீழே பிடித்து வைப்பது கவட்டு பெல்ட். அது இல்லாவிட்டால் மோதலில் ஆள் பெல்ட்டுக்கு அடியால் முன்னே வழுக்கிப் போவார். தோள் பெல்ட்டில் ஒன்றை மட்டும் மோதலின்போது கொஞ்சம் நீள விட்டு இதைச் சமாளிக்கும் நான்கு முனை ஹார்னஸை ஷ்ரோத் செய்கிறது. அது வேறு வகை. சாதாரண நான்கு முனையை நான் பூட்டுவதில்லை.

குஷன் ஓட்டையை எங்கே வைப்பது என்பதற்கும் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஐந்து முனைக்கு, நெஞ்சிலிருந்து நேராகக் கீழே ஒரு தூக்குநூல் விட்டு, அதற்குச் சற்றுப் பின்னால். ஆறு முனைக்கு இரண்டு பெல்ட்டும் தொடைகளுக்கு நடுவால் பின்னோக்கிப் போகும், அதனால் வாய் இன்னும் பின்னே. குஷனின் முன் விளிம்பைச் சுற்றி பெல்ட்டை இழுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றையும் பிடிக்காது. ஃபோமுக்கு அடியில் தகட்டுத் தட்டு இருந்தால் ஓட்டையின் விளிம்பைக் கிரைண்டரால் மழுக்கி, உருட்டிய சட்டம் வைத்தாக வேண்டும். கம்பிச் சுருள் இருந்தால் பெல்ட் அதில் உரசாத வழியைத் தேட வேண்டும். இடுப்பு பெல்ட்டும் சீட்டின் பக்கச் சுவருக்கு மேலால் அல்ல, உள்ளே நுழைந்து, தரையோடு 45 முதல் 65 பாகை வரை சரிந்து இறங்க வேண்டும். பக்கச் சுவர் உயரமான சீட்டில் அதற்கும் ஒவ்வொரு வாய் வெட்ட நேரிடும். சீட்டுக்கு ஐந்து வாய்கள் என்று வந்துவிட்டால் கூலி சும்மா இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஃபோமைப் பற்றி ஒரு வார்த்தை. "நல்லா மெத்துனு போடுங்க" என்பது பஸ் முதலாளியிடமிருந்து வந்தால் சரி. ரேஸ் சீட்டில் மெத்தென்ற ஃபோம் மோதலில் அமுங்கும். அமுங்கிய அளவுக்கு பெல்ட் தளரும். மெல்லிய, கெட்டியான ஃபோம்தான் வேண்டும். பழைய காலத்து சீட்டுகளில் ரப்பர் ஊட்டிய தும்பு இருக்கும். எங்கள் மாவட்டத்து ரப்பர் என்று பெருமையாகத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் நொறுங்கிப்போன தும்பு சீட்டைப் போட்டிக்குத் தயார் செய்யக் கேட்டால் மறுத்துவிடுவேன்.

ஃபைபர் கிளாஸ் ஓட்டு சீட்டுகள் தனி ரகம். சம்மேளனத்தின் அங்கீகார லேபல் உள்ள சீட்டை வெட்டினால் அந்த அங்கீகாரம் அங்கேயே முடிந்தது. அதில் தேவையான வாய்கள் ஏற்கெனவே இருக்கும். உங்கள் தோளுக்கு அவை பொருந்தவில்லை என்றால் உங்களுக்கு வேறு அளவு சீட் வேண்டும். பெரிய பிராண்டின் பெயரை ஒட்டிய போலி ஓடுகள் பஞ்சிகாவத்தையிலும் இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய காரை வைத்தே ஓட வேண்டிய நிலை வந்தது, போலிகளுக்குச் சந்தையும் பெருத்தது. அவற்றில் ஒன்றை ஜிக்ஸோ வைத்து வெட்டிப் பாருங்கள், விளிம்பில் அடுக்குகள் உரியும். வெட்டியே பார்க்க வேண்டுமென்றில்லை. முதுகைக் கையால் தள்ளினாலே வளையும் சீட்டை வாங்காதீர்கள். சாயும் நெம்புகோல் உள்ள சீட்டும் ஹார்னஸுக்கு இரண்டாம் தரம்தான். அதன் பல் சக்கரம் இப்படிப்பட்ட இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல. வளவையில் மண்ணில் குதிக்கிற காருக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்ததற்குப் பிறகு, ஓட்டுநரோடு அம்மாவோ மனைவியோ சேர்ந்து பட்டறைக்கு வருவது கூடியிருக்கிறது. ஹார்னஸ் ஓட்டுகிறவனை மட்டும்தான் காக்கும் என்பதை அவர்களிடம் மறைப்பதில்லை. ஆனால் அவர்கள் வருவதில் எனக்கு ஒரு நன்மை. கவட்டு பெல்ட் பற்றி இப்போது நான் வாதாட வேண்டியதில்லை, அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

வேலை முடிந்த சீட்டைக் காரில் பூட்டியதும் ஆளை மறுபடி ஏற்றி, பெல்ட்டை முழுதாக இறுக்கச் சொல்லுவேன். முதலில் இடுப்பு, பிறகு கவடு, கடைசியாகத் தோள். அந்த நிலையில் பற்றரி கட் சுவிட்சுக்கும் தீயணைப்புக் கருவியின் இழுப்புக்கும் கை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மாற்ற வேண்டியது சுவிட்சின் இடம். பெல்ட்டைத் தளர்த்துவது தீர்வல்ல. பிறகு கண்ணை மூடச் சொல்லி, பக்கிளைத் திறந்து வெளியே வரச் சொல்லுவேன். பெல்ட் நுனி நான் தைத்த வாயில் சிக்கினால் அந்த வாயைத் திரும்பத் தைப்பேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஹார்னஸை வீட்டில் வைக்கும் விதமும் கவனம். சம்மேளன லேபலில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டியதைப் போட்டிக்குக் கட்டாதீர்கள், பழையது வாங்கும்போது முதலில் அதைப் பாருங்கள். இரத்தினபுரி மழையில் காரைத் திறந்தபடி விட்டால் பெல்ட்டில் பூஞ்சணம் பிடிக்கும். பெற்றோலோ திண்ணரோ தொடவே கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காயப் போடுங்கள். வாயருகே நூல் பிரிந்து மயிர் மயிராக எழும்பியிருந்தால் கழுவ வேண்டாம், மாற்றுங்கள். அதோடு சீட்டையும் என்னிடம் கொண்டுவாருங்கள், எந்த விளிம்பு அறுத்தது என்று பார்க்க வேண்டும்.